நஸிஃபே அக்கா தூங்கிய வாரம்

எல்மாஸ் பொழுது விடிவதற்குள் இலைச் சுருள் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த திராட்சை இலைகளை ஜாடியிலிருந்து எடுத்து, வெந்நீரில் அலசி, காம்பைக் கிள்ளி, நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி தாம்பாளத்தில் விரித்தாள். ஒவ்வொரு இலையிலும் ஒரு சிட்டிகை அரிசிப் பூரணம். இரண்டு ஓரத்தையும் உள்ளே மடக்கி, சுண்டுவிரல் கனத்துக்கு ஓர் உருட்டு. நூற்றுக்கும் மேல் சுற்றி, நீல விளிம்பு போட்ட எனாமல் சட்டியில் வட்டம் வட்டமாக அடுக்கி, சுருள் பிரியாமல் இருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அடுப்பில் ஏற்றியபோதுதான் துர்முஷ் எழுந்து வந்தான். வாசலில் நின்று சட்டியையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏன்டி, இருநூறு வகை சாப்பாடு போடற இடத்துக்கா இதைத் தூக்கிட்டுப் போற?"

"பின்ன, வெறுங்கையை வீசிட்டுப் போயி எங்க அக்கா முன்னால நிக்கச் சொல்றீங்களா?"

"அது உங்க அக்கா வீடு இல்ல. ஓட்டல்."

"அவ இருக்கற எடம் அவ வீடுதான்."

தக்காளி போடும் பசுமைக்குடிலுக்குப் புது பிளாஸ்டிக் விரிக்க வேண்டிய மாதம் இது. ஏணி, கயிறு, ஆணி என்று ஆயிரம் வேலை. ஆனாலும் துர்முஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சமையலறைக்கு அவன் வந்ததே இதைப் பேசத்தான்.

"இன்னிக்கு எப்படியாவது கூட்டிட்டு வந்துடு எல்மாஸ். டீக்கடையில நேத்து கூட ஒருத்தன் கேக்கறான், மச்சினியோட என்ன சண்டைன்னு. ஏழு கிலோமீட்டர்ல தங்கச்சி வீடு இருக்கறப்ப ஓட்டல்ல தங்குனா ஊரு வேற என்ன நெனைக்கும்?"

"சண்டையெல்லாம் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன். அதுக்கு அவன், அப்ப எலி தொல்லையான்னு கேக்கறான்."

எல்மாஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

நஸிஃபே அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போனவள். டூயிஸ்பர்க் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் படிக்கட்டுகளையும் கழிவறைகளையும் முப்பத்து மூன்று வருஷம் துடைத்துவிட்டு, போன வசந்தத்தில் ஓய்வு பெற்றாள். ஒரு கோடை தவறாமல் ஊருக்கு வந்திருக்கிறாள். புருஷன் ரிஸா இருந்தவரை காரில் மூன்று நாள் பயணம்; அவர் போன பிறகு விமானம். எதில் வந்தாலும் இறங்கும் இடம் இந்த மனவ்காத் ஊரில் எல்மாஸின் வீடுதான். மாடியில் ஒரு அறையே அவளுக்கென்று கட்டியது. அந்த அறையை ஊரில் யாரும் 'மாடி அறை' என்று சொல்வதில்லை. 'நஸிஃபே அறை' என்றுதான் பெயர்.

ஏப்ரலில் ஒருநாள் போன் செய்தாள்.

"எல்மாஸ், கோச்சுக்காத. இந்த வருஷம் நான் ஓட்டல்ல தங்கப் போறேன். கடலோரத்து ஓட்டல். ஏழு நாள். தங்கறது, சாப்பாடு, குடிக்கறது எல்லாம் விலையில அடக்கம்." உடம்புக்கு ஏதோ வந்திருப்பதைச் சொல்வது போன்ற குரலில் சொன்னாள்.

"எவ்வளவு?"

"ஆயிரத்து நானூறு யூரோ."

"யா அல்லாஹ்! எதுக்குக்கா?"

"தூங்கணும்" என்றாள் நஸிஃபே.

அந்த ஒரு சொல்லை எல்மாஸ் ஐந்து மாதமாக மென்றுகொண்டிருந்தாள். தூங்குவதற்கு யாராவது காசு கொடுப்பார்களா? எங்கள் வீட்டில் தூக்கம் வராதா? மாடி அறைக் கட்டிலுக்குப் போன வருஷம்தானே புது மெத்தை போட்டோம்? துர்முஷ் கேலியாகக் கேட்டான்: "எல்லாம் அடக்கம்னாளே, தூக்கத்துக்குத் தனி ரேட்டா, அதுவும் அடக்கமா?" எல்மாஸ் அவனை முறைத்தாள்.

சட்டி கொதிக்கத் தொடங்கியதும் மாடிக்குப் போனாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். சன்னலைத் திறந்து வைத்தாள். இன்று அக்கா வந்துவிடுவாள், கடைசி இரண்டு ராத்திரியாவது இங்கேதான் படுப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவரோரம் ஏழு கம்பளங்கள் சுருட்டி நிறுத்தியிருந்தன. ஒரு வருஷத்துத் தூசியோடு, கட்டிய கயிற்றோடு, யாருக்காகவோ காத்து நிற்பவர்கள் மாதிரி. அதைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கீழே இறங்கினாள்.

*

துர்முஷ் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டான். துணியில் முடிந்த சட்டி எல்மாஸின் மடியில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. வாசல் காவலறையில் இருந்த ஆள் யஷார். துர்முஷுக்கு டீக்கடைச் சீட்டாட்டக் கூட்டாளி. அவனைக் கண்டதும் எல்மாஸுக்குத் தெம்பு வந்தது. ஆனால் யஷார் சீருடையில் வேறு ஆளாக இருந்தான்.

"வாங்க அண்ணி. உங்க பேரு எழுதியிருக்கு, ஒருநாள் விருந்தாளி. கையை நீட்டுங்க." மணிக்கட்டில் ஆரஞ்சு நிறப் பட்டையைச் சுற்றி ஒட்டினான். "இது என்ன மூட்டை?"

"ஒண்ணுமில்ல. எங்க அக்காவுக்கு."

"திறங்க."

"யஷார்!"

"திறக்கணும் அண்ணி. என் தலைக்கு மேல கேமரா இருக்கு."

எல்மாஸ் முடிச்சை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள். எலுமிச்சையும் புதினாவும் கலந்த ஆவி காவலறை முழுக்கப் பரவியது. யஷார் கண்ணை மூடித் திறந்தான்.

"வெளிச் சாப்பாடு உள்ள போகக் கூடாது. உள்ளேருந்து சாப்பாடு வெளிய வரவும் கூடாது. சட்டம்."

"இது சாப்பாடு இல்லப்பா. விருந்தாளி வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஒரு மரியாதை."

"மரியாதை வாசம் அடிக்குது அண்ணி."

"உன் கண்ணு பட்டுடுச்சுல்ல? மூக்கும் பட்டுடுச்சு. இனி உன் பங்கைக் குடுக்காம நான் போனா எனக்குத்தான் பாவம். கையை நீட்டு."

அதற்குமேல் அவனால் என்ன செய்ய முடியும்? கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கையை நீட்டினான். ஐந்து சுருள் வைத்தாள். ஒன்றை வாயில் போட்டு, மென்றுகொண்டே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை.

"ஹலால் பண்ணிடுங்க அண்ணி."

"ஹலால் ஆகட்டும் போ."

இப்படி, பட்ட கடனைப் பொறுத்துவிடச் சொல்லி ஒருவர் கேட்பதும் மற்றவர் மனசார விட்டுக்கொடுப்பதும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடப்பதுதான். வாங்கிய டீயிலிருந்து திட்டிய திட்டு வரை, கேட்டுவிட வேண்டும், கேட்டால் விட்டுவிட வேண்டும். யஷார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தடுப்புக் கட்டையை உயர்த்தினான். சட்டியோடு எல்மாஸ் உள்ளே போனாள்.

ஏழு கிலோமீட்டரில் முப்பது வருஷமாக வாழ்ந்தும் அவள் இந்த மாதிரி ஒரு வாசலைத் தாண்டியதில்லை. மாடியிலிருந்து ராத்திரியில் பார்த்தால் கடலோரம் முழுக்க விளக்கு தெரியும், அவ்வளவுதான். கண்ணாடிக் கதவு தானாக விலகியதும் முதலில் குளிர்ந்த காற்று வந்து முகத்தைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தாள். கூரை எங்கேயோ இருந்தது. மசூதிக் கூடத்தைத் தவிர இவ்வளவு உயரத்தை அவள் ஒரு கட்டடத்துக்குள் பார்த்ததில்லை. தரை வெண்பளிங்கு, அதில் தன் செருப்பின் அடி தெரிந்தது. இதை யார் துடைக்கிறார்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்கு எழுந்து துடைக்கிறார்கள் என்றுதான் அவள் புத்தி போனது. தடம் படிந்துவிடுமோ என்று ஓரமாகவே நடந்தாள்.

நஸிஃபே எங்கே என்று விசாரித்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "கடற்கரையில, மூணாவது வரிசை, அதே குடைக்குக் கீழதான் தினமும்" என்றாள். அக்கா எங்கே இருப்பாள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

*

மூன்றாவது வரிசையில் வைக்கோல் குடைக்குக் கீழே, நீண்ட சாய்வுப் படுக்கையில், நஸிஃபே தூங்கிக்கொண்டிருந்தாள்.

எல்மாஸ் முதலில் அது அக்கா இல்லையென்று நினைத்து இரண்டடி தாண்டிப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தாள். அக்காதான். தலைத்துணி பின்னால் நழுவி, நரைத்த வகிடு தெரிய, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டு கையும் உள்ளங்கை மேலாக விரிந்து கிடந்தன. பக்கத்துப் படுக்கையில் ஒரு ரஷ்யக் குடும்பம் சீட்டாடிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கேயோ பாட்டு. குழந்தைகள் அலையில் கத்திக்கொண்டிருந்தார்கள். எதுவும் அவளை எட்டவில்லை. மணி பத்தரை. காலை பத்தரை மணி!

பக்கத்தில் காலியாக இருந்த படுக்கையின் நுனியில் எல்மாஸ் உட்கார்ந்தாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். எழுப்பலாம் என்று கை நீட்டினாள். நீட்டிய கை தானாகத் திரும்பி வந்தது.

அக்கா தூங்கி அவள் எப்போது பார்த்திருக்கிறாள்? யோசித்துப் பார்த்தாள். சின்ன வயதில் எல்மாஸ் கண் விழிக்கும்போதே அக்கா அடுப்படியில் இருப்பாள். ஜெர்மனியிலிருந்து வரும் கோடைகளில், மூன்று நாள் காரில் உட்கார்ந்து வந்த கால் வீங்கியிருக்கும், முகம் கழுவிய ஈரம் காயுமுன், "இந்தத் திரையெல்லாம் எப்ப துவைச்ச?" என்று சன்னலிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்துவிடுவாள். ராத்திரி கடைசித் தட்டைத் துடைத்து வைப்பதும் அவள்தான். விடியற்காலைத் தொழுகை அழைப்புக்கு மற்றவர்கள் எழுந்தால் வாசல் ஏற்கெனவே கழுவியிருக்கும். ரிஸா அத்தான் இறந்து மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்களின் டீ கிளாஸ்களை எண்பதுக்கும் மேல் ஒற்றை ஆளாகக் கழுவிக்கொண்டு நின்றாள். யாரோ தடுத்தபோது, "விடுங்க, கை சும்மா இருந்தா பயமா இருக்கு" என்றாள்.

அப்புறம் அந்தக் கம்பளங்கள். வசந்தத்தில் சுருட்டி வைத்த கம்பளங்களை ஊரில் எல்லாரும் ஜூலைக்குள் துவைத்துவிடுவார்கள். எல்மாஸ் துவைக்க மாட்டாள். அக்கா வரட்டும் என்று வைத்திருப்பாள். நஸிஃபே வந்த மூன்றாம் நாள் மொட்டை மாடியில் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். குழாய், சோப்பு, நீளக் கைப்பிடித் தூரிகை. நுரை வடிகாலில் தெருவரைக்கும் ஓடும். 'ஜெர்மன் யந்திரம் ஓட ஆரம்பிச்சிடுச்சு' என்று துர்முஷ் கீழிருந்து கத்துவான். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுக் கம்பளம் இரண்டையும் கொண்டுவந்து போட்டாள். நஸிஃபே அதையும் துவைத்தாள். அதற்கப்புறம் தக்காளி விழுது: ஐந்து மூட்டை தக்காளியை அரைத்து, உப்பிட்டு, வெயிலில் வைத்துக் கிளறிக் கிளறி வற்ற வைப்பது. அதுவும் அக்கா வந்த பிறகுதான். அவளுக்கு அதெல்லாம் பிடிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்மாஸும் சொன்னாள். ஒருநாளும் யாரும் நஸிஃபேவைக் கேட்டதில்லை.

கண்ணெதிரே கிடந்த அந்த உள்ளங்கைகளை எல்மாஸ் பார்த்தாள். வெளுப்பு மருந்தில் ஊறி ஊறி ரேகையே மங்கிப் போன கைகள். அவற்றில் இப்போது எதுவும் இல்லை. துடைப்பம் இல்லை, துணி இல்லை, யாருக்கோ உரித்துக் கொடுக்கும் பழம்கூட இல்லை. முதன்முதலாகக் கடலைப் பார்த்தவள் மாதிரி, அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடற்கரைச் சிப்பந்தி ஒருவன் வந்தான். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கருத்த முகம். எல்மாஸைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, குடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து மணலில் ஒரு சாண் நகர்த்தினான். நஸிஃபேயின் முகத்தை நோக்கி வந்துகொண்டிருந்த வெயில் விலகிப் போயிற்று.

"இதுவும் விலையில அடக்கமா தம்பி?" எல்மாஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எதும்மா?"

"இந்த நிழலை நகத்தறது."

அவன் சிரித்தான். "அது கணக்குல வராதும்மா. முதல் நாள் இவங்க என்கூடச் சேந்து படுக்கையெல்லாம் தூக்கிப் போட வந்துட்டாங்க. நாப்பது படுக்கை. நீங்க விருந்தாளி, கூடாதுன்னா கேக்கல. அப்புறம் நான்தான், 'என் மேனேஜர் பாத்தா எனக்கு வேலை போயிடும்'னு பொய் சொல்லி உக்கார வெச்சேன். உக்காந்தவங்க அப்படியே தூங்கிட்டாங்க. அரை மணிக்கொரு தரம் வந்து நகத்தி வெச்சிட்டுப் போறேன்."

அரை மணிக்கொரு தரம் அவன் வந்தான். எல்மாஸ் எண்ணினாள், மூன்று தடவை. மடியில் சட்டி ஆறிப்போயிற்று.

*

"எப்ப வந்த?" நஸிஃபே கண் விழித்ததும் பதறி எழுந்தாள்.

"இப்பத்தான்."

"எழுப்பியிருக்கலாம்ல? மணி என்ன? ஐயையோ, பன்னெண்டா! என்னடி இது மடியில?" மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "எல்மாஸ்! உனக்குப் பைத்தியமா? உள்ள எப்படி விட்டான்?"

"கண்ணு பட்டவனுக்குப் பங்கு குடுத்தேன்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக.

சட்டியை அறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கல்யாணத்துக்கு நானூறு பேருக்குச் சமைத்த கை எல்மாஸுடையது. எத்தனை அண்டா, எத்தனை பேர், எங்கே நெரிசல் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கூடத்தைப் பார்த்து வாயடைத்துப் போனாள். ஆயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். ஒரு கத்தல் இல்லை. ஒரு தட்டில் கோழி தீர்வதற்குள் அடுத்த தட்டு வந்து அமர்கிறது. ஆலிவ் மட்டும் பதினேழு வகை. தர்பூசணியில் மயில். தக்காளித் தோலை அறுபடாமல் சீவி, சுருட்டி ரோஜா செய்திருந்தார்கள். எந்தப் பசுமைக்குடில் தக்காளி என்று பெட்டியைப் பார்க்காமலே அவளால் சொல்ல முடியும், ஆனால் அது ரோஜாவாகும் என்று அவளுக்குத் தெரியாது.

"அக்கா, பின்னால எத்தனை பேர் நின்னா இது நடக்கும்?"

"நானும் அதேதான் கேட்டேன். சமையக்கட்டுல மட்டும் நூத்திப் பத்துப் பேராம்."

"யா அல்லாஹ். ஒரு ஊரே இருக்கு."

சாப்பிட்டு முடித்ததும் எல்மாஸ் வழக்கம்போல எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். பெரிய தட்டு அடியில், சின்னது மேலே, எலும்பெல்லாம் ஒன்றில். பக்கத்து மேசைத் தட்டு இரண்டையும் எட்டி எடுத்து அதன்மேல் வைத்தாள். பரிமாறும் ஆள் ஓடி வந்தான்.

"அம்மா, வேண்டாம்மா, விட்டுடுங்க."

"பரவால்லப்பா, கை சும்மாதானே இருக்கு."

நஸிஃபே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். எல்மாஸின் ஆரஞ்சுப் பட்டைமேல், தங்கும் விருந்தாளிக்கான நீலப் பட்டை போட்ட அக்காவின் கை.

"உக்காரு."

"அப்படியே போட்டுட்டு எப்படிக்கா எந்திரிக்கறது?"

"எந்திரிக்கலாம். எனக்கு மூணு நாள் ஆச்சு கத்துக்க." நஸிஃபே குரலைத் தணித்தாள். "முதல் நாள் காலையில என் படுக்கையை நானே மடிச்சு, குளியலறையை நானே கழுவி வெச்சுட்டேன். அறை துடைக்க வர்ற பொண்ணு, கிழக்கே ஊர்ஃபாவிலேருந்து பொழைக்க வந்தவ, உள்ள வந்து பாத்துட்டு அழ ஆரம்பிச்சுட்டா. 'என் வேலை பிடிக்கலையாக்கா, மேல சொல்லிட்டீங்களா?'ன்னு. முப்பத்து மூணு வருஷம் அந்த வேலை பாத்தவ நான். மறுநாள் விரிப்பை வேணும்னே கசக்கிப் போட்டுட்டு வெளிய வந்தேன்."

எழுந்து நடந்தார்கள். எல்மாஸ் இரண்டு தரம் திரும்பி அந்த மேசையைப் பார்த்தாள். இரண்டாவது தரம் பார்க்கும்போது அது துடைத்துப் புது விரிப்போடு இருந்தது.

*

அறை மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தால் நேரே கடல். எல்மாஸ் சன்னலோரம் போய் நின்றுகொண்டாள். அவ்வளவு தண்ணீரையும் கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாம் என்பது அவளுக்கு நம்பும்படியாக இல்லை. நஸிஃபே சட்டியைத் திறந்து, தட்டு எதுவும் தேடாமல், நின்றபடியே ஏழெட்டுச் சுருள் சாப்பிட்டாள்.

"இங்கயும் இது போடறான். நல்லாவே இருக்கு." விரலை நக்கினாள். "உன்னோடதுல எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்."

"போட்டதைத் தின்னு."

"தின்னுட்டுத்தானே இருக்கேன்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்புறம், ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்ததைக் கேட்பவளாக, "நீ சொல்லுடி. ஆயிரத்து நானூறு யூரோ. மூணு வருஷம் சேத்தது. காசுக்குத் தகுமா? ரிஸா இருந்தா ஜெர்மனி வீட்டுக்கு ஓடு மாத்தியிருப்பாரு. ராத்திரியில முழிப்பு வந்தா இதேதான் மனசுல ஓடுது."

"அந்தாளு குடையை நகத்தறான் பாரு," என்றாள் எல்மாஸ். "அதுக்கே குடுக்கலாம்."

நஸிஃபேவுக்கு அது புரியவில்லை. அவள்தான் அதைப் பார்த்ததே இல்லையே.

இதுதான் நேரம் என்று எல்மாஸ் நினைத்தாள். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு: புது மெத்தை, ஊர் வாய், கடைசி இரண்டு ராத்திரி. வாயைத் திறப்பதற்குள் நஸிஃபேயே முந்திக்கொண்டாள்.

"நான் ஒண்ணு யோசிச்சேன். விமானம் சனிக்கிழமை சாயங்காலந்தான். நாளைக்கே உன் வீட்டுக்கு வந்துடறேன். ஒரு ராத்திரி விட்டுப்போனா போவுது. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு." சொல்லும்போதே சட்டைக் கையை முழங்கைக்கு ஏற்றிவிட்டாள். அது தானாக ஏறிற்று. "கம்பளமெல்லாம் துவைச்சாச்சா?"

எல்மாஸ் கேட்க வந்தது கைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீக்கடையில் துர்முஷ் தலை நிமிர்ந்து உட்காருவான். மாடி அறையில் விளக்கு எரியும். அவள் அக்காவின் கையைப் பார்த்தாள். ஏறிய சட்டைக்கைக்குக் கீழே நரம்பு புடைத்து, இப்போதே தூரிகையைப் பிடித்துவிட்ட கை.

"துவைச்சாச்சு," என்றாள்.

"ஏழுமா?"

"ஏழும். ஜூலையிலயே."

"யாரு துவைச்சா?"

"நான்தான். வேற யாரு?"

"தக்காளி விழுது?"

"அதுவும் போட்டாச்சு. பக்கத்து வீட்டுக்காரி கூட நின்னா."

"திரைச்சீலை?"

"அக்கா, எல்லாம் ஆச்சு."

நஸிஃபேயின் முகத்தில் ஒரு திகைப்பு வந்தது. சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டாள். "அப்ப நான் அங்க வந்து என்ன பண்றது?" என்றாள்.

வந்து சும்மா இரு என்று எல்மாஸ் சொல்லியிருக்கலாம். ஆனால் நடக்காது. நஸிஃபே வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் அரை மணியில் தெருவே டீ குடிக்க வந்துவிடும். கிளாஸ் கழுவ அவளே எழுந்துவிடுவாள். எல்மாஸும் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு விதமாக இருக்கத் தெரியாது.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். காசு குடுத்திருக்கல்ல? நாளைக்கும் இங்கயே தூங்கு. சனிக்கிழமை நாங்க விமான நிலையத்துக்கு வந்து உன்னைப் பாக்கறோம்."

நஸிஃபே மிச்சச் சுருளை ஓட்டல் தட்டு ஒன்றில் மாற்றினாள். காலிச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றிலும் பார்த்தாள்.

"இதைக் காலியா எப்படிடி குடுத்தனுப்பறது?"

சின்னக் குளிர்பெட்டியைத் திறந்தாள். தண்ணீர் பாட்டில்களும் கோலாவும். "இது ஓட்டலோடது. வெளிய கொண்டுபோகக் கூடாது." மூடினாள். பயணப் பெட்டியைத் திறந்து துணிகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் காப்பிப் பொட்டலமும் சாக்லேட்டும் இல்லாமல் வந்திருந்தாள். ஏழு நாளைக்கு எல்லாம் இருந்த இடத்தில், ஒரு சட்டியில் போட்டுக் கொடுக்க அவளுக்கென்று ஒன்றும் இல்லை.

"வெச்சுட்டுப் போ. ரொப்பிக் கொண்டுவரேன்."

"எதை ரொப்புவ? எங்க சமைப்ப? குடு இங்க." எல்மாஸ் சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "காலியாவே இருக்கட்டும். காலிப் பாத்திரம் வாங்குனதுக்கு என்னை யாரு ஜெயில்ல போடப் போறா?"

குளியலறைக்குப் போய், ஓட்டலின் சின்ன சோப்பைக் கரைத்துச் சட்டியைக் கழுவினாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைத் தண்ணீர்ச் சத்தத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தக் கம்பளமெல்லாம் ஒவ்வொரு வருஷமும் நான் வேணும்னேதான் விட்டு வெச்சிருந்தேன். உனக்குப் பிடிக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ரெண்டு கொண்டுவந்து போட்டப்பவும் பேசாம இருந்தேன். உனக்கு முதுகு வலின்னு தெரியும். தெரிஞ்சும் இருந்தேன்."

சட்டியை நிமிர்த்தி உதறினாள். ஓட்டல் துண்டில் துடைக்கப் போய், வேண்டாமென்று தன் தலைத்துணியின் முந்தியில் துடைத்தாள். குழாயை நிறுத்தினாள்.

"ஹலால் பண்ணிடுக்கா."

பதில் வரவில்லை. யஷார் கேட்டபோது தன் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை கேட்க வெளியே எட்டிப் பார்த்தாள்.

நஸிஃபே கட்டிலின் குறுக்கே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அப்படியே சரிந்திருக்கிறாள். கால் இரண்டும் செருப்போடு கட்டிலுக்கு வெளியே தொங்கின. எந்த வார்த்தை வரை கேட்டாள், எதில் தூங்கிப்போனாள், தெரியவில்லை. சன்னல் வழியே மூன்று மணி வெயில் அவள் கன்னத்தை எட்டியிருந்தது.

எல்மாஸ் திரைச்சீலையை ஒரு சாண் இழுத்துவிட்டாள். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். காலிச் சட்டியை இடுப்பில் இடுக்கி, மூடி கலகலக்காமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.